ஏலக்காரருக்கு விழாத பாட்டு

நான் வானிலை அலுவலகத்தில் மழை அளக்கிறவன். இருபத்தாறு வருஷமாகத் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, தேங்கிய தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதுவேன். மழை பெய்யாத நாளிலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் போட வேண்டும். அப்படிப்பட்டவன் போன வருஷம் குடல்வால் வெடித்து, அறுவை சிகிச்சை செய்து, அந்தத் தையல் சீழ் பிடித்துப் பிரிந்து, ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தேன். அங்கே பக்கத்துப் படுக்கைக்காரரோடு சேர்ந்து, இன்னொருவருடைய பதிவேட்டில் பொய்யான எண்களை ஏற வைத்தேன். எப்படி நடந்தது, பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் படுக்கை பன்னிரண்டு. பதினொன்றில் இருந்தவர் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர். ஆள் நல்ல உயரம், தோள் இரண்டும் கதவு அகலம். பின்னால் வந்த சரக்கு வண்டியொன்று அவர் காலைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை போய்விட்டிருந்தது. தினமும் காலை ஒன்பதுக்கு அந்தக் கட்டைப் பிரித்து, புண்ணைச் சலைன் விட்டுக் கழுவி, ஈரக் காஸ் துணியைக் குழிக்குள் திணித்து, மறுபடி கட்ட வேண்டும். எனக்கும் அதே வேலைதான், வயிற்றில்.

கட்டு மாற்றும்போது அவர் கத்துவார். சும்மா கத்தல் இல்லை. நாற்பது வியாபாரிகளின் இரைச்சலுக்கு மேலே ஏறி நின்று பழகிய தொண்டை அது. முதல் நாள் அவர் கத்தியபோது கீழ்த்தளத்திலிருந்து காவலாளி ஓடி வந்துவிட்டார். மூன்றாம் படுக்கைக்காரர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். முடிந்ததும் ஏலக்காரர் வார்டு முழுக்கப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கங்க எல்லாரும். நான் வேணும்னு கத்தலை. தொண்டை தானாத் திறந்துக்குது."

அவர் கத்துவதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று: பதினொன்று முடிந்தால் அடுத்தது பன்னிரண்டு.

அந்த வாரம் திங்கட்கிழமை ஒரு சிஸ்டர் புதிதாக வந்தார். முப்பது வயது இருக்கலாம். நர்ஸிங்கில் மேல்படிப்புப் படிக்கிறவர். அதற்காக ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். கட்டு மாற்றும்போது நோயாளி பாட்டுக் கேட்டால் வலி குறைகிறதா, இல்லையா என்பதுதான் விஷயம். சேர்கிறவர்களுக்குப் பத்து நாள் அவரே கட்டு மாற்றுவார். வலி மாத்திரை எல்லாருக்கும் உண்டு, அரை மணி முன்னாலேயே. ஆனால் பாட்டு பாதிப்பேருக்குத்தான். யாருக்குப் பாட்டு, யாருக்கு இல்லை என்பதை ஒட்டிய கவர்கள் முடிவு செய்யும்.

"ஏன் சிஸ்டர், எல்லாருக்கும் போட்டுட்டுப் போயிடலாமே?" என்றார் ஏலக்காரர்.

"எல்லாருக்கும் போட்டா, குறைஞ்சது பாட்டாலயா, நாளாக நாளாகப் புண்ணு ஆறுறதாலயான்னு எப்படிங்கய்யா தெரியும்?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சிஸ்டர் கவரை நீட்டினார். என் சீட்டில் 'இசை' என்று இருந்தது. ஏலக்காரர் தன் கவரைக் கிழித்து, உள்ளே பார்த்து, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். 'வழக்கமான சிகிச்சை' என்று இருந்தது.

"அப்படின்னா?"

"நீங்க கன்ட்ரோல் குரூப்புங்கய்யா, பாட்டு இல்லாம ஒப்பிட்டுப் பாக்கற கூட்டம்."

"நல்லா இருக்கே! எனக்குக் கன்ட்ரோலே இல்லைன்னு வார்டே சொல்லுது. நீங்க கன்ட்ரோல் குரூப்புங்கறீங்க."

வார்டு சிரித்தது. அவரும் சிரித்தார். சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் கவனித்தேன்.

என்னிடம் சிஸ்டர் ஒரு பட்டியலைக் காட்டினார். புல்லாங்குழல், பக்திப் பாட்டு, மெதுவான பழைய சினிமாப் பாட்டு, மழைச் சத்தம்.

"மழை வேண்டாம் சிஸ்டர். அது எனக்கு ஆபீஸ்" என்றேன். புல்லாங்குழல் கொடுத்தார்.

பெரிய மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. பழைய துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வருகிற அந்த நொடி அப்படியேதான் இருந்தது. ஆனால் குழல் ஒரு படி ஏறி, அடுத்த படியில் கால் வைக்காமல் நின்று விளையாடும். எங்கே போய் இறங்கப் போகிறது என்று காத்துக்கொண்டிருப்பேன். அந்த இடைவெளியில் இடுக்கி தன் வேலையை முடித்துவிடும். முடிந்ததும் சிஸ்டர் கேட்பார்: "பூஜ்யத்திலேருந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு சார்?" முன்பெல்லாம் மனசுக்குள் ஏழு, எட்டு என்று இருந்தது. முதல் நாள் ஐந்து சொன்னேன். இரண்டாம் நாள் நான்கு.

பக்கத்தில் திரைக்கு அப்பால் ஒன்பது, ஒன்பது, எட்டு.

மூன்றாம் நாள் ஏலக்காரர் கத்தவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். கட்டில் கம்பி கடகடவென்று ஆடுவது மட்டும் கேட்டது. சிஸ்டர் வெளியே வந்தபோது மேலுதடு முழுக்க வேர்த்திருந்தது. கை கழுவுகிற இடத்தில் தேவையானதைவிட அதிக நேரம் நின்றார்.

அன்று மதியம் ஏலக்காரர் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"மழை சார், அந்தக் குழல் நிஜமாவே உதவுதா?"

"கொஞ்சம் உதவுது."

"கொஞ்சம்னா?"

"ஏழு நாலாகுது."

அவர் மல்லாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, "எனக்கு எந்தச் சீட்டும் விழுந்ததே கிடையாது சார். வேலைக்குக் குலுக்கல், வீட்டுக்குக் குலுக்கல், எதுலயும் என் பேர் வந்ததில்ல. என் பொண்டாட்டி ஒருத்திதான் குலுக்காம வந்தவ" என்றார்.

அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன். என் மகள் வாங்கிக் கொடுத்த இயர்போன் ஒன்று டிராயரில் இருந்தது. ஒயர் இல்லாதது, அவரைக்கொட்டை அளவு. இரண்டடி தள்ளி என் படுக்கையில் போன் இருந்தாலே போதும், பாட்டு அவர் காதில் கேட்கும். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர் கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் குழலைப் போட்டுப் பார்த்தோம். "இது வேலைக்கு ஆகாது சார்" என்றார். "இது நிக்கிற இடத்துலயெல்லாம் வலி உள்ள வருது. எனக்கு மூச்சு விடாம ஓடுறது வேணும்." குத்துப்பாட்டாகத் தேடிப் போட்டேன். மத்தளமும் தவிலும் இரைந்து, சொல் மேல் சொல் ஏறி ஓடுகிற பாட்டுகள். ஏலம் கூறுகிறவர் அல்லவா, அந்த வேகத்துக்கு அவருடைய மூளை உடனே எழுந்து உட்கார்ந்தது. பாடகருக்கு அரை வார்த்தை பின்னால் உதட்டை அசைத்துக்கொண்டே துரத்துவார்.

நான்காம் நாள் திரை இழுத்த சத்தம் கேட்டதும் போர்வைக்குள் விரலை அழுத்தினேன். அன்று கட்டில் ஆடவில்லை. வார்டே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, ஒன்றும் வரவில்லை.

"வலி எவ்வளவுங்கய்யா?"

"அஞ்சு."

சற்று நேரம் பேனா சத்தமே இல்லை. பிறகு எழுதினார்.

ஐந்தாம் நாள் நான்கு. ஆறாம் நாள் நடுவில் என் மனைவி போன் செய்துவிட்டாள். பதறிப்போய் சிவப்பை அழுத்துவதற்குப் பதில் பச்சையை அழுத்திவிட்டேன். திரைக்குப் பின்னால், காலில் இடுக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏலக்காரரின் காதுக்குள் அவள் குரல்: "ஏங்க, சாயங்காலம் எந்தச் சட்டை கொண்டு வரட்டும், நீலமா வெள்ளையா?"

"வெள்ளை" என்றார் ஏலக்காரர்.

"என்னய்யா சொன்னீங்க?" என்றார் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர், துணி நல்லா வெள்ளையா இருக்குன்னேன்."

மாலையில் வெள்ளைச் சட்டை வந்தது. "என்னங்க, உங்க குரல் ஏன் அப்படிக் கட்டைக் குரலாயிடுச்சு?" என்று மனைவி கவலைப்பட்டாள். நானும் ஏலக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துச் சிரித்து, எனக்கு வயிற்றுப் புண் வலித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லையே என்றும் எண்ணிக்கொண்டேன். அவருக்கு நான்குதான் வலித்தது, நான்கு என்றார். அதில் என்ன பொய்?

அதே நாள் முற்பகலே எனக்குப் பதில் கிடைத்திருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. பதினொரு மணிக்கு சிஸ்டர் எங்கள் இரண்டு படுக்கைக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டுத் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தார். ஏலக்காரர் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தார்.

"ஆராய்ச்சி எப்படிப் போகுது சிஸ்டர்?" என்று சும்மா கேட்டேன்.

"தெரியலை சார். மொத்தமே இருபது பேர்தான். பாட்டுக் கேக்கறவங்களுக்குக் குறையுது. ஆனா பாருங்க, கேக்காதவங்களுக்கும் குறையுது. பக்கத்துப் படுக்கை ஐயாவுக்கு ஒன்பதுலேருந்து நாலு. ஒரே ஆளு இவ்வளவு இறங்கினா சராசரியே சாஞ்சிடும். பாட்டால பிரயோஜனம் இல்லைன்னு வந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான்னு ஆராய்ச்சியை மேற்பார்வை பாக்கற எங்க மேடம் சொல்றாங்க." தாள்களை அடுக்கித் தட்டினார். "நான் இதைக் காட்டி ஒவ்வொரு வார்டுக்கும் ஹெட்போன் கேக்கலாம்னு நினைச்சேன். பெண்கள் பக்கம் தீக்காய வார்டு இருக்கு சார். அங்க கட்டு மாத்தறப்ப வெளிய நிக்க முடியாது."

அப்போது "பார்ப்போம் சிஸ்டர், எல்லாம் நல்லபடியா வரும்" என்று சொல்லி அனுப்பினேன். மாலையில் சட்டை வந்து, சிரிப்பெல்லாம் அடங்கி, மனைவி கிளம்பிப் போனபின்தான் அந்தப் பேச்சு திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

ஏனென்றால் தப்பான எண் ஒன்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் ஒரு நாள் காய்ச்சலோடு அலுவலகம் போய், மழைமானி வரை நடக்கச் சோம்பி, வானத்தைப் பார்த்துப் பூஜ்யம் போட்டேன். விடியுமுன் பதினொரு மில்லிமீட்டர் பெய்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பூஜ்யம் ஆண்டறிக்கையில் அச்சாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது அந்த மாதத்து மழையைக் கூட்டினால் என் சோம்பலையும் சேர்த்துத்தான் கூட்டுகிறார்கள்.

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. ஏலக்காரரின் மனைவி வந்திருந்தார். மண்டியில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிறவர். கணவர் எவ்வளவு பேசுவாரோ அவ்வளவுக்கு இவர் பேச மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

ஏலக்காரர் முதலில் கோபப்பட்டார். "இப்ப வந்து சொல்றீங்களே சார்! நானா கேட்டேன்? நீங்கதானே குடுத்தீங்க?"

"நான்தான் குடுத்தேன். தப்பு என்னுதுதான்."

"ஒரு ஆளோட மூணு நம்பரால என்ன குடி முழுகிடப் போகுது?"

"அவங்க கையில இருக்கறதே இருபது ஆளு. அதுல நீங்க ஒருத்தர்."

"சரி, நாளையிலேருந்து கழட்டிடறேன். ஒன்பதுன்னு சொல்லிடறேன். ஆச்சா?"

"எழுதினது எழுதினபடி இருக்குமே."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி அதுவரை போர்வையின் பிரிந்த ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்:

"ஏங்க, மண்டியில சொந்த ஆளைக் கூட்டத்துல நிக்க வெச்சு விலை ஏத்தற ஏலக்காரங்களை நீங்க என்ன சொல்லித் திட்டுவீங்க?"

"அது வேற, இது வேற."

"நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னுதானே விவசாயிங்க உங்ககிட்ட மூட்டையை இறக்கறாங்க. அந்தப் பொண்ணுக்குத் தெரியாம அவ கூட்டத்துல ஒரு ஆளை நிறுத்தியிருக்கீங்க. அவ்வளவுதான் எனக்குப் புரியுது."

ஏலக்காரர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார். அந்தத் தொண்டையில் அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி. அது இல்லாம என்னால முடியாது."

அவர் மனைவி கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தார். நான் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தாகமில்லாமலே தண்ணீர் குடிக்கப் போனேன்.

மறுநாள் காலை சிஸ்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து திரையில் கை வைத்தபோது, "திரை வேண்டாம் சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றார் ஏலக்காரர். தலைத்துண்டை அவிழ்த்து, காதிலிருந்து இயர்போனை எடுத்து, அவர் முன்னால் இருந்த ஸ்டீல் தட்டில் வைத்தார்.

"ஐயோ! அது சுத்தம் பண்ணின தட்டுங்கய்யா!" என்று கத்திவிட்டார் சிஸ்டர். அப்புறம்தான் அது என்னவென்று பார்த்தார்.

"மூணு நாளாப் பாட்டுக் கேட்டேன். நான் சொன்ன அஞ்சு, நாலு, நாலு எல்லாம் பாட்டோட வந்தது. எழுதினதை அடிச்சிடுங்க."

"போன் என்னுது சிஸ்டர்" என்றேன் நான். "போட்டு விட்டதும் நான்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களுமா சார்?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேறு தட்டு எடுத்து வந்தார். கையைக் கழுவினார், கையுறை மாட்டினார், திரையை இழுத்தார். பாட்டு இல்லாமல் கட்டு மாற்றினார். அன்று ஏலக்காரர் கத்தினார், பழையபடி. ஆனால் நடுநடுவே, "நீங்க உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர், நிறுத்தாதீங்க, நான் கத்திட்டே இருப்பேன், நீங்க பாருங்க" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுங்கய்யா?"

"ஒன்பது."

அந்த எண்ணை அவர் எழுதினார். என் கட்டை மாற்றும்போது ஹெட்போனை அவரே எடுத்துத் தரவில்லை. மேசையைக் காட்டினார், நானே மாட்டிக்கொண்டேன். குழல் வாசித்துக்கொண்டே இருந்தது. என் மனசு அது ஏறிய எந்தப் படியிலும் ஏறவில்லை. ஏழு சொன்னேன். அதையும் எழுதினார்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு அவர் வரவில்லை. ஒன்பதே கால். ஏலக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஆளை அனுப்பிடுவாங்க சார். நியாயம்தான்" என்றார். ஒன்பதரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. அவரேதான்.

ஏலக்காரர் பக்கத்தில் வந்து நின்று, "மேடம்கிட்டப் பேசிட்டேன்" என்றார். "உங்களைக் கணக்குலேருந்து எடுத்துட்டாங்க. உங்க தாளை அடிக்கலை, கிழிக்கலை. நடந்தது என்னன்னு மேலயே எழுதித் தனியா வெச்சிருக்கோம். நான் இன்னும் ஒருத்தரைச் சேர்க்கணும், அதனால ரெண்டு வாரம் தள்ளிப் போகுது."

"சரி சிஸ்டர்" என்றார் ஏலக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப நீங்க இனிமே ஆராய்ச்சியில இல்ல."

"புரியுது சிஸ்டர்."

"உங்களுக்குப் புரியலைங்கய்யா." கோட்டுப் பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார். "ஆராய்ச்சியில இருந்தவரைக்கும்தான் நான் உங்களுக்குப் பாட்டுப் போடக் கூடாது. இப்ப யாரும் என்னைக் கேக்க முடியாது. என்ன பாட்டு வேணும்?"

ஏலக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். ஊருக்கே விலை சொல்கிற மனிதருக்கு ஒரு சொல் வரவில்லை.

"குத்துப்பாட்டு சிஸ்டர்" என்று நான்தான் சொன்னேன். "வேகமா ஓடணும். குழல் அவருக்கு ஆகாது."

சிஸ்டர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "குழல் ஏன் ஆகலை?" என்று கேட்டார். பேனாவை எடுத்துவிட்டார்! ஏலக்காரருக்குக் குரல் திரும்பியது. மெதுவான பாட்டில் இடைவெளி இருக்கிறது, இடைவெளி வழியாக வலி வருகிறது. வேகமான பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடும்போது காலைப் பார்க்க நேரமில்லை. வார்த்தை தெரிந்த பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் முழுக்கத் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்துவிட்டால் துரத்த ஒன்றும் இருக்காது. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். சிஸ்டர் ஒரு பக்கம் நிறைய எழுதினார்.

"என் பட்டியல்ல நாலுமே மெதுவான பாட்டுங்கய்யா" என்றார். "அமைதியா இருந்தாத்தான் நல்லதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். யாரையும் கேக்கலை."

எழுந்து கையுறையை மாட்டும்போது, யாரிடமும் சொல்வது போல் இல்லாமல் சொன்னார்: "முதல் மூணு நாளும் உங்க படுக்கைக்கு வர்றப்ப என் கை நடுங்கும். உங்களுக்கு நாலு ஆன அன்னிக்கு நடுங்கலை. அதனாலயும் உங்களுக்குக் குறைஞ்சிருக்கலாம். இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலை."

நான் வீடு திரும்ப இன்னும் ஆறு நாள் ஆயிற்று. அதற்குள் ஏலக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டார். நின்றதுமே வார்டு வாசலுக்குப் போய், புதிதாக வருகிறவர்களிடம், "நம்ம சிஸ்டர் ஆராய்ச்சியில சேருங்க! பாட்டு விழுந்தாலும் சேருங்க, விழாட்டியும் சேருங்க! ஆனா உள்ளதை உள்ளபடி சொல்லணும்!" என்று மண்டிக் குரலில் கூவ ஆரம்பித்தார். சிஸ்டர் ஓடி வந்து, "யாரையும் வற்புறுத்தக் கூடாதுங்கய்யா, அதுவும் விதிதான்" என்று அவரைப் படுக்கைக்குத் திருப்பினார். அப்படியும் சேர வேண்டிய ஒருவர் சேர்ந்தார், ஒரு கல்லூரி மாணவர். அந்த மாணவருக்குக் கவரில் 'வழக்கமான சிகிச்சை' விழுந்தது. ஏலக்காரர் பத்து நாளும் அவருக்கு வலி மாத்திரை நேரத்துக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

மூன்று மாதம் கழித்து வயிற்றைக் காட்ட வெளிநோயாளிப் பிரிவுக்குப் போனேன். தழும்பு நன்றாகச் சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். வெளியே வந்தபோது சிஸ்டரே எதிரில் வந்தார். பார்த்ததும் சிரித்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"முடிச்சிட்டேன் சார். ஒத்துக்கிட்டாங்க."

"என்ன வந்தது?"

"சராசரியா ரெண்டு குறையுது. ரெண்டுதான். சின்னக் கூட்டம், அதனால பெரிசா எதுவும் சொல்லிட முடியாது. பத்து ஹெட்போன் கேட்டேன், நாலு குடுத்தாங்க. ரெண்டைத் தீக்காய வார்டுக்குக் குடுத்துட்டேன். இப்பப் பட்டியலே கிடையாது சார். அவங்கவங்க பாட்டை அவங்கவங்க சொல்லலாம்."

ரெண்டுதான் என்றபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாயில் துண்டைத் திணித்துக்கொள்வதற்கும் பல்லைக் கடித்துக்கொள்வதற்கும் நடுவே இருப்பது அந்த இரண்டுதான். அதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"உங்க நண்பர் உள்ளதான் இருக்காரு" என்று கட்டு மாற்றும் அறையைக் காட்டிவிட்டுப் போனார். "புண்ணு இப்பக் கட்டைவிரல் நகம் அளவுதான். அடுத்த வாரத்திலேருந்து வர வேண்டியதில்ல. மண்டிக்குப் போறாரு, நாற்காலி போட்டு உக்காந்துதான்."

அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் நடுவயதுப் பெண்மணி ஒருவர், வலது கை முழங்கை வரை கட்டோடு. பின்னால் வந்தவர்களிடம், "நீங்க போங்க, எனக்கு அவசரமில்ல" என்று இரண்டு பேருக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒருவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார்.

அப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஏலக்காரரின் குரல் எழுந்தது. காதில் ஹெட்போன் இருந்ததால் தன் சத்தம் தனக்குத் தெரியவில்லை போலும். தாளம் ஒரு பக்கம் ஓட, இவர் அரை வார்த்தை பின்னால் மூச்சிரைக்கத் துரத்திக்கொண்டிருந்தார். "ஐயா, மெதுவா, மெதுவா!" என்று உள்ளே யாரோ சிரித்துக்கொண்டே அதட்டினார்கள். பெஞ்சு முழுக்கச் சிரிப்புப் பரவியது.

பெண்மணி என் பக்கம் குனிந்தார். "உள்ள யாருங்க அது? குடிச்சிட்டு வந்திருக்காரா?"

"இல்லம்மா. கட்டு மாத்தறாங்க."

"கட்டு மாத்தறப்பவா பாடறாரு?"

"ஆமாம்மா. வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் பாடறாரு. நீங்களும் கேக்கலாம், உங்களுக்குப் பிடிச்ச பாட்டா."

அவர் கதவைப் பார்த்தார். மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பத்திரமாக நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கதவுக்குப் பக்கமாக ஓர் இடம் நகர்ந்து உட்கார்ந்தார்.